பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லுங்கள்: அபாய வேதிப்பொருள்களின் வான்வழிப் பயணம்

2000 மார்ச் 15 அன்று பெய்ஜிங்கிலிருந்து கோலாலம்பூர் வந்து சேர்ந்த மலேசியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ330 பயணிகள் விமானத்தின் சரக்கறையில், சென்னைக்குப் போக வேண்டிய 80 கலன்கள் இருந்தன. பத்திரத்தில் ஹைட்ராக்ஸி குயினோலின் என்று எழுதப்பட்டிருந்தது. அது சாதாரணமான திடப்பொருள். ஆனால் சரக்கை இறக்கும்போது ஐந்து தொழிலாளர்களின் உடல்நலம் பாதிக்கப்பட்டது. கலன்களுக்குள் இருந்தது ஆக்சாலில் குளோரைடு. ஈரம் பட்டவுடன் ஹைட்ரஜன் குளோரைடையும் நச்சான கார்பன் மோனாக்சைடையும் வெளிவிடும் அரிக்கும் திரவம் அது. கசிந்த திரவம் விமானத்தின் உடற்கூட்டுக்குள் இறங்கி உலோகத்தை அரித்தது. சில ஆண்டுகளே பறந்திருந்த அந்த விமானம் பழுதுபார்க்கத் தகாதது என்று கைவிடப்பட்டது. 2007 டிசம்பரில் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று, சரக்கை அனுப்பிய நிறுவனம் 6.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அபாய வேதிப்பொருள்களை விமானத்தில் அனுப்புவதற்கான பொதிவு விதிகள் அப்போது நடைமுறைக்கு வந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. தொழில்நுட்பத்தில் அவை இன்றும் மிக நுணுக்கமானவை. எந்தப் பொருளை எந்தக் குப்பியில், எவ்வளவு, எந்தப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று வரிவரியாகச் சொல்பவை. அப்படியிருந்தும் விபத்துகள் ஏன் நேர்கின்றன? அந்த விதிகள் எதிலிருந்து பிறந்தன, எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் அறுந்துபோகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தரைக்கும் வானுக்கும் உள்ள வேறுபாடு

லாரியிலும் கப்பலிலும் பத்திரமாகப் போகும் டிரம் விமானத்தில் ஏன் ஆபத்தாகிறது? முதல் காரணம் காற்றழுத்தம். ஊட்டிக்கு மலையேறும்போது சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்போம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான நிலைவரை குறையலாம். சென்னையில் கடல்மட்ட அழுத்தத்தில் மூடிய புட்டியின் உள்ளிருக்கும் காற்று, மேலே போனதும் மூடியை வெளித்தள்ளப் பார்க்கும். மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் கசிவு அங்கிருந்தே தொடங்கும்.

இரண்டாவது வெப்பம். வான்வழிச் சரக்கு −40 பாகை செல்சியஸ் முதல் 55 பாகை வரையான வெப்பநிலையைச் சந்திக்க நேரலாம் என்று விதிகள் கணக்கில் கொள்கின்றன. சித்திரை வெயிலில் விமான நிலையத் தளத்தில் காத்திருக்கும் பெட்டிக்கு மேல் எல்லை மிகையான கற்பனை இல்லை. 25 பாகையில் நிரப்பிய அசிட்டோன் 55 பாகையில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் விரியும். அதனால்தான் 55 பாகையிலும் கலன் முழுதாக நிரம்பிவிடாதபடி மேலே இடம் விட வேண்டும் என்ற விதி உள்ளது.

மூன்றாவது, பெரும்பாலான விமானங்களின் உடற்கூடு அலுமினியத்தால் ஆனது. பாதரசம் எரியாது, வெடிக்காது. ஆனாலும் அது எட்டாம் வகுப்பில், அரிக்கும் பொருள்களோடு வைக்கப்பட்டிருக்கிறது. அலுமினியத்தோடு கலந்து அதன் வலுவைக் குலைத்துவிடும் என்பதே காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலானது நேரம். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. தீ மூள்வதற்குப் பல நாட்கள் முன்பே அமிலம் கசிவது தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசிரா ஆகிய இரு துறைமுகங்களிலும் அந்தக் கொள்கலனை இறக்க வழி பிறக்கவில்லை. இலங்கையின் கடலும் மீனவர்களும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆனாலும் அங்கே யோசிக்க நாட்கள் இருந்தன. அதே அமிலம் வானில் கசிந்தால் நிமிடங்களே இருக்கும். அதை உலகுக்குக் காட்டிய விபத்து 1973-இல் நடந்தது.

விதிகள் வந்த வழி

1953-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றம் அபாயச் சரக்குப் போக்குவரத்துக்கென வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அதன் முதல் பரிந்துரைகள் 1956-இல் வெளிவந்தன. ஆரஞ்சு நிற அட்டையால் அறியப்படும் அந்த நூல்தான் சாலை, ரயில், கடல், வான் எல்லாவற்றுக்குமான விதிகளுக்கு அடித்தளம். அதே 1956-இல் ஐயாட்டா எனப்படும் விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமும் தன் முதல் விதிநூலை வெளியிட்டது.

1973 நவம்பர் 3 அன்று நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்து நோக்கிப் புறப்பட்ட பான் ஆம் 160 சரக்கு விமானத்தில் ஏராளமான வேதிப்பொருள்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றில் நைட்ரிக் அமிலப் புட்டிகளும் இருந்தன. புட்டிகளைச் சுற்றி, எரியாத தாதுப்பொருளான வெர்மிகுலைட்டுக்குப் பதிலாக மரத்தூள் நிரப்பப்பட்டிருந்தது. பெட்டிகள் பக்கவாட்டில் கிடத்தி ஏற்றப்பட்டன. கசிந்த அமிலம் மரத்தூளோடு வினைபுரிந்து புகையைக் கிளப்பியது. புகை தென்பட்டதிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் அவகாசம் கிடைத்தது. விமானிகள் பாஸ்டனில் இறங்க முயன்றனர். ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விமானம் விழுந்து மூவரும் மாண்டனர்.

மரத்தூள் மலிவானது, கைக்கெட்டியது, கண்ணாடிக்கு நல்ல மெத்தை. அமிலத்தோடு சேர்ந்தால் அது தீயாகும் என்பது பொதிந்த இடத்தில் உணரப்படவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, விதிகள் இருந்தும் கடைப்பிடிக்கப்படாததற்கு நான்கு காரணங்களைக் கண்டது. விதிகள் சிக்கலானவை. வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு அவற்றில் பரிச்சயம் இல்லை. அதிகார எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. அரசின் கண்காணிப்பும் போதவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் பட்டியல் அப்படியே பொருந்துவதுதான் என்னை வருத்துகிறது.

1975 தொடக்கத்தில் அமெரிக்காவில் அபாயப் பொருள் போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐகாவோ எனப்படும் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சிகாகோ உடன்படிக்கையின் 18-ஆம் இணைப்பை 1981-இல் ஏற்றது. 1984 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் விரிவான தொழில்நுட்ப அறிவுறுத்தல்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஐயாட்டா ஆண்டுதோறும் வெளியிடும் விதிநூல் அவற்றோடு விமான நிறுவனங்களின் கூடுதல் கட்டுப்பாடுகளையும் சேர்த்துத் தருகிறது. சரக்குக் கூடங்களில் மேசைமேல் இருப்பது பெரும்பாலும் இதுதான். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் விமானங்களில் அபாயச் சரக்கு ஏற்றும் விதிகள் ஐகாவோவின் அறிவுறுத்தல்களைக் கட்டாயமாக்கின. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அவற்றை மேற்பார்க்கிறது.

வகுப்பும் வீரியமும்

பெட்டியைத் தேடும் முன் பொருளை அடையாளம் காண வேண்டும். அபாயப் பொருள்கள் ஒன்பது வகுப்புகள்: வெடிபொருள், வாயு, எளிதில் தீப்பற்றும் திரவம், எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், ஆக்சிஜனேற்றியும் கரிமப் பெராக்சைடும், நச்சும் தொற்றுப்பொருளும், கதிரியக்கப் பொருள், அரிக்கும் பொருள், இவற்றில் அடங்காத பிற. இவற்றில் அடங்கும் பொருள்களுக்கு நான்கு இலக்க ஐ.நா. எண் உண்டு. அசிட்டோன் 1090, நைட்ரிக் அமிலம் 2031.

இந்தப் பட்டியலில் தொழிற்சாலைச் சரக்குகள் மட்டும் இல்லை. செயற்கைக் கற்பூரத்துக்கு எண் 2717, நாலாம் வகுப்பு. அந்துருண்டையாகும் நாப்தலீனும் அதே வகுப்பு. கொப்பரைத் தேங்காய்கூட எண் 1363 பெற்று, தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வரிசையில் நிற்கிறது. எண்ணெய்ச் செறிவுள்ள பருப்பு காற்றோடு மெல்ல வினைபுரிந்து வெப்பத்தைச் சேர்த்துவைப்பதே காரணம். நம் வீட்டுப் பூஜையறையிலும் சமையலறையிலும் புழங்குவதால் ஒரு பொருள் பாதுகாப்பானது என்று வானில் கருதிவிட முடியாது.

வகுப்புக்குப் பிறகு வீரியம். பெரும்பாலான வகுப்புகளில் பொருள்கள் மூன்று பொதிவுத் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் தொகுதி மிகுந்த ஆபத்து, இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குறைவு. தீப்பற்றும் திரவங்களில் கொதிநிலை 35 பாகையைத் தாண்டாதவை முதல் தொகுதி. 34.6 பாகையில் கொதிக்கும் ஈதர் அதில் அடங்கும். அதற்கு மேல் கொதித்தாலும், ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 23 பாகைக்குக் கீழே இருந்தால் இரண்டாம் தொகுதி, அசிட்டோன் அங்கே. 23 முதல் 60 வரை என்றால் மூன்றாவது, மண்ணெண்ணெய் அங்கே.

இந்த வரிசை அளவை நேரடியாகத் தீர்மானிக்கிறது. பயணிகள் விமானத்தில் ஒரு பொதிக்கு ஈதர் 1 லிட்டர், அசிட்டோன் 5 லிட்டர், மண்ணெண்ணெய் 60 லிட்டர். சரக்கு விமானத்தில் முறையே 30, 60, 220 லிட்டர். செறிவான நைட்ரிக் அமிலம் பயணிகள் விமானத்தில் ஏறவே கூடாது. செந்நிறப் புகை கக்கும் நைட்ரிக் அமிலத்துக்கு இரண்டு வகை விமானத்திலும் இடமில்லை.

பெட்டியின் இலக்கணம்

விமானத்தில் போகும் திரவம் பெரும்பாலும் அடுக்கடுக்கான காப்புக்குள் இருக்கும். உள்ளே குப்பி. அதன் மூடி திருகினால் மட்டும் போதாது. அதிர்வில் தளராதபடி டேப்போ வேறு பூட்டோ வேண்டும். குப்பியைச் சுற்றிக் கசியாத உறையும், ஆபத்துக்கேற்ப, சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும் பொருளும் வரும். உறிஞ்சும் பொருள் அந்தத் திரவத்தோடு வினைபுரியாததாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரியின் பின்னால் பான் ஆம் விமானிகள் மூவரின் மரணம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வெளியே அட்டை, மரம் அல்லது உலோகத்தாலான பெட்டி. நிமிர்த்தி வைக்கச் சொல்லும் அம்புக்குறிகள் எதிரெதிரான இரு பக்கங்களில் ஒட்டப்பட வேண்டும்.

பொதுவாகத் திரவம் தாங்கும் கலன் 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசியக்கூடாது. கடல்மட்டக் காற்றழுத்தமே சுமார் 101 கிலோபாஸ்கல்தான். அதாவது, வெளியே ஏறத்தாழ வெற்றிடமே உண்டானாலும் கலன் தாங்க வேண்டும் என்பது இதன் பொருள்.

வெளிப்பெட்டியும் சோதிக்கப்பட வேண்டும். நிரப்பிய பெட்டியை அடி, மேல், நீளப்பக்கம், அகலப்பக்கம், மூலை என ஐந்து வகையில் கடினத் தளத்தில் போடுவார்கள். முதல் தொகுதிக்கான எக்ஸ் தரப் பெட்டி 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் கசியக்கூடாது. ஒய் தரத்துக்கு 1.2 மீட்டர், இசட் தரத்துக்கு 0.8 மீட்டர். பிளாஸ்டிக் என்றால் −18 பாகைக்குக் குளிரவைத்துப் போட வேண்டும், குளிரில் அது நொறுங்கும் தன்மை பெறுவதால். மூன்று மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் வரும் பாரத்தை 24 மணி நேரம் தாங்க வேண்டும். அட்டைக்குத் தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற சோதனையும் உண்டு. இந்தியாவில் இச்சோதனைகளை நடத்திச் சான்று தரும் முதன்மையான அமைப்பு, மும்பையைத் தலைமையிடமாகவும் சென்னையில் கிளையாகவும் கொண்ட இந்தியப் பொதிவியல் நிறுவனம்.

தேறிய பெட்டியில் ஒரு குறியீடு அச்சாகும். ‘4ஜி/ஒய்25/எஸ்/24/ஐஎன்டி’ என்று இருந்தால், 4 என்பது பெட்டி, ஜி என்பது அட்டை. ஒய் என்பது இரண்டாம், மூன்றாம் தொகுதிகளுக்கு உரியது. 25 என்பது மொத்த எடையின் உச்சவரம்பு, கிலோவில். எஸ் என்றால் திடப்பொருளுக்கோ உட்கலன்களை வைப்பதற்கோ உரியது. 24 தயாரித்த ஆண்டு, கடைசியில் சான்றளித்த நாடு. இந்தக் குறியீடு சோதித்த வடிவத்துக்கு மட்டுமே செல்லும். சோதனையில் வைத்த குப்பிக்குப் பதிலாக வேறு குப்பி வைத்தாலோ, நடுத்தடுப்பை எடுத்துவிட்டாலோ சான்றும் போய்விடும். நம் பொதிவுக் கூடங்களில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி இதுதான்.

விதிகளுக்குள்ளே இருக்கும் முரண்களும் படிப்பினை தருபவை. ஹைட்ரஜன் பெராக்சைடு தானே சிதைந்து ஆக்சிஜனை விடும். தரையில் அதன் கலன்களுக்கு மூச்சுவிடும் மூடி போடுவார்கள். வானில் அப்படிப்பட்ட மூடிக்கு இடமில்லை, இறுக மூடினால் அழுத்தம் ஏறும். ஆகவே 40 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவு விமானத்தில் ஏற்கப்படுவதில்லை. துணி வெளுக்கும் ஆலைகளில் புழங்கும் 50 சதவீதக் கரைசல் தரைவழியே போக வேண்டியதுதான். உலர்பனிக்கட்டிக்கு நேர்மாறான விதி. அது கார்பன் டை ஆக்சைடாக மாறிக்கொண்டே இருப்பதால், பெட்டியை இறுக அடைக்கவே கூடாது. ஒரு பொதிக்கு 200 கிலோ உச்சவரம்பு.

ஆய்வகங்களுக்குத் தேவைப்படும் சிற்றளவுக்கு விதிகள் சலுகை தருகின்றன. ஒரு குப்பியில் 30 மில்லிலிட்டருக்கு மிகாமல், பொருளுக்கேற்ற மொத்த வரம்புக்குள் அனுப்பினால் ஐ.நா. குறியீடு வேண்டாம், விரிவான அறிவிப்புப் பத்திரமும் வேண்டாம். ஆனாலும் அந்தப் பெட்டி 1.8 மீட்டர் வீழ்ச்சியைத் தாங்கியாக வேண்டும்.

சங்கிலி எங்கே அறுகிறது

இத்தனை அடுக்குகளும் ஒரே ஆணியில் தொங்குகின்றன: அனுப்புநரின் அறிவிப்பு. பொருளை வகைப்படுத்துவது, பொதிவது, குறியிடுவது, லேபிள் ஒட்டுவது, சிவப்புக் கோடிட்ட ஓரமுள்ள பத்திரத்தில் கையொப்பமிடுவது என அனைத்தும் அவர் பொறுப்பு. விமான நிறுவனம் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது; ஒரு பிழை இருந்தாலும் திருப்பி அனுப்பும். என்ன சரக்கு, எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது என்ற எழுத்துக் குறிப்பு விமானியின் கைக்குப் போகிறது. ஆனால் அறிவிக்கப்படாத பெட்டி இந்தப் பாதைக்குள் நுழைவதே இல்லை.

1996 மே 11 அன்று மயாமியிலிருந்து புறப்பட்ட வேல்யூஜெட் 592 பயணிகள் விமானம் சதுப்புநிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தனர். காலாவதியான ஆக்சிஜன் உருவாக்கிகள் ஐந்து அட்டைப்பெட்டிகளில் குமிழ்த் தாள் சுற்றி அனுப்பப்பட்டிருந்தன. அவற்றின் வினையைத் தூண்டும் ஊசிமேல் போட வேண்டிய பாதுகாப்பு மூடிகள் இல்லை. போட்டாயிற்று என்று வேலைத்தாள்களில் கையெழுத்து இருந்தது. சரக்குச் சீட்டில் காலி ஆக்சிஜன் கலன்கள் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வகைச் சரக்கறை, காற்று தீர்ந்தால் தீ தானே அணையும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. உள்ளே ஏறியதோ ஆக்சிஜனை உற்பத்தி செய்யும் பொருள்.

இந்த மூன்று விபத்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. பான் ஆமில் அறியாமை, வேல்யூஜெட்டில் அக்கறையின்மை, கோலாலம்பூரில் தவறான பெயர். விதிப்படி பொதியப்பட்டு, உள்ளதை உள்ளபடி அறிவித்த வேதிப்பொருளால் வந்த கேடு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

லித்தியம் மின்கலமோ விதிகளையே திருத்த வைத்தது. 2010-இல் துபாயில் யூபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று தீப்பற்றி விழுந்து விமானிகள் இருவர் மாண்டனர். பின்னர், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்கள் 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களில் தடை செய்யப்பட்டன. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்துக்கு மிகக்கூடாது என்றானது. அங்கே பெட்டியின் வலுவோடு உள்ளிருக்கும் ஆற்றலின் அளவும் விதிக்குள் வந்தது. இது நல்ல திசை.

செய்ய வேண்டியவை

உண்மையை மறைக்கத் தூண்டுவது பெரும்பாலும் செலவும் தாமதமும்தான். சான்று பெற்ற பெட்டி விலை கூடுதல். அபாயச் சரக்குக்குத் தனிக் கட்டணம். பயிற்சி பெற்றவர் வேண்டும், அந்தப் பயிற்சியை 24 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பெரிய மருந்து நிறுவனங்களுக்கு இது கணக்கில் வராத தொகை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இரண்டு லிட்டர் மாதிரி அனுப்பும் சிறு சாய ஆலைக்கும் பிசின் தயாரிப்பாளருக்கும் அப்படியில்லை. அவர்கள் முன்னால் ‘தீங்கற்ற திரவம்’ என்று எழுதிவிடும் சலனம் எப்போதும் நிற்கிறது. தண்டனை தேவை, ஆனால் தண்டனையால் மட்டும் அந்தச் சலனம் நீங்காது. தொழிற்பேட்டைகளில் பொதுவான பொதிவு மையங்கள் அமைத்து, சான்று பெற்ற பெட்டியும் பயிற்சி பெற்ற கையும் நியாயமான விலைக்குக் கிடைக்கச் செய்தால் உண்மை சொல்வது எளிதாகும்.

அடுத்தது, பாதுகாப்புத் தரவுத்தாள். அதன் 14-ஆம் பகுதி போக்குவரத்து விவரத்துக்கு உரியது. பழைய தாளிலிருந்து படியெடுத்து, கட்டுப்பாடு இல்லை என்று அங்கே ஒரு வரி எழுதினால், அதற்குப் பின் வரும் ஃபார்வர்டர், சரக்கு முகவர், விமானி எல்லாரும் அந்தப் பொய்யின் மேல் நடக்கிறார்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சரக்கின் தீப்பற்றும் வெப்பநிலையையும் அரிக்கும் தன்மையையும் சோதித்தே அந்தப் பகுதியை நிரப்ப வேண்டும்.

மூன்றாவது மிக முக்கியமானது. பத்திரமும் பெட்டியின் எழுத்துகளும் ஆங்கிலத்தில் இருப்பது சரி. பல நாட்டு விமான நிலையங்களில் அவை படிக்கப்பட வேண்டும். ஆனால் மூடியைத் திருகி, உறிஞ்சுபொருள் அடைத்து, டேப் ஒட்டும் தொழிலாளி தமிழோ இந்தியோ ஒடியாவோ படிப்பவர். அவருக்கான பயிற்சியும், கூடத்துச் சுவரில் மாட்டும் படவிளக்கமும் அவர் மொழியில் இருக்கத் தடையேதும் இல்லை. எந்த அமிலத்தோடு மரத்தூள் சேரக்கூடாது, எந்த மூடியை எவ்வளவு இறுக்க வேண்டும், ஏன் குப்பியை முழுக்க நிரப்பக்கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுத்தால் அவர் விதியைத் தன் அறிவாக ஆக்கிக்கொள்வார். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

பொதிவு விதிகளை மேலும் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழுகிறது. பெட்டியின் வலுவைப் பொறுத்தவரை பெரும்பாலான வேதிப்பொருள்களுக்கு இன்றுள்ள விதிகளே போதுமானவை என்பதே இந்த ஆய்வின் முடிவு. குறை, அந்த விதிகள் பொதிபவரின் கைவரை போய்ச் சேராததிலும், உண்மையான அறிவிப்பு அதிகச் செலவாக இருப்பதிலும் உள்ளது. அரசும் தொழில்துறையும் அடுத்த ரூபாயைச் செலவிட வேண்டிய இடம் பொதிவுக் கூடத்தின் தரை. அங்கே வேலை செய்பவர் விதியைப் புரிந்துகொண்டால், தரையில் சரக்கை இறக்குபவரும் வானில் அதன்மேல் அமர்ந்து பறப்பவரும் பத்திரமாக வீடு சேர்வார்கள்.